காணப்படாத கண்

பச்சைமலை அடிவாரத்தில் பங்குத்தந்தையாக இருப்பவருக்கு ஒன்று உறுதி. அவர் எந்நேரமும் பார்க்கப்பட்டுக்கொண்டே இருப்பார். துறையூர்க் கடைத்தெருவில் தேநீர் குடிக்க ஒதுங்கினால் நாலு பேர் எழுந்து நின்று வணங்குவர். ஐந்தாமவர் காசு கொடுக்க முந்துவார். எந்த வீட்டு விருந்தில் கை நனைத்தோம், எந்த வீட்டுத் துக்கத்திற்குப் பிந்திப் போனோம், மறையுரையில் எந்த இடத்தில் தடுமாறினோம் என்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள் ஊர்ச் செய்தியாகிவிடும். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. மக்களின் கண் மேலிருப்பது குருவுக்கு நல்ல வேலி. ஆயினும் வேலிக்குள் நெடுநாள் வாழ்ந்தவருக்கு, வேலியில்லாத நிலம் எப்படியிருக்கும் என்ற ஏக்கம் எழத்தான் செய்யும்.

அந்த நிலம் நமக்கு உரோமையில் வாய்த்தது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர்களுள் ஒருவர் நம் நட்டாலம் தேவசகாயம். தமிழகத்திலிருந்து சென்றிருந்த குழு ஒன்றில் நாமும் இருந்தோம். அன்றைய நிகழ்ச்சிகளை நம் இதழ்கள் அப்போதே விரிவாக எழுதிவிட்டன. இங்கு மீண்டும் எழுதத் தேவையில்லை. நாம் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய ஐந்து நாள்களைப் பற்றி. குழுவினர் ஊர் திரும்ப, நாம் மட்டும் தங்கினோம். குருமடத்தில் உடன் பயின்ற நண்பர் ஒருவர் உரோமையில் ஒரு துறவற இல்லத்தில் இருந்தார். அவர் தயவால் அறை கிடைத்தது. அவருக்கோ தேர்வுத்தாள் திருத்தும் காலம். ஆகவே கையில் ஒரு வரைபடமும் பையில் இரண்டு ரொட்டியுமாகத் தனியே நடக்கத் தொடங்கினோம். அங்கியை அறையில் மாட்டிவிட்டுச் சாதாரணச் சட்டையில் நடந்தோம் என்பதையும் மறைக்கவில்லை.

முதல் நாள் பிற்பகலுக்குள்ளேயே அந்த இன்பம் என்னவென்று புரிந்துவிட்டது. நம்மை எவரும் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் நடமாடும் தெருவில், எவருக்கும் நாம் யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. நாமோ எல்லாரையும் பார்த்தோம். உணவகத்து வாசலில் சண்டையிட்ட கணவன் மனைவியை, நாய்க்குட்டியோடு பேசிக்கொண்டு போன முதியவரை, தெருவோரம் அமர்ந்து அழுத இளம்பெண்ணை, கூசாமல் நின்று பார்த்தோம். ஊரில் இப்படி நின்றிருந்தால் 'என்ன சாமி?' என்று ஒரு குரல் வந்திருக்கும். அங்கே குரல் வரவில்லை. உடல் மறைந்து கண் மட்டும் எஞ்சியது போலிருந்தது. நண்பர்களோடு சுற்றுகிறவருக்கு இது வாய்க்காது. அவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பக்கத்திலிருப்பவர் பார்த்துவிடுவார். தனிப் பயணிக்கு மட்டுமே கிட்டும் சலுகை இது. மகாகவி கோத்தே 1786ஆம் ஆண்டு முதன்முறையாக உரோமைக்கு வந்தபோது, தம் புகழ் பின்தொடராதிருக்க வேறு பெயர் பூண்டு வந்தார் என்று முன்பு படித்தபோது அதை ஒரு விளையாட்டாகவே எண்ணியிருந்தோம். அந்த ஆசையின் ஆழம் அப்போதுதான் விளங்கியது.

பார்த்தவற்றையெல்லாம் அடுக்கினால் இது வழிகாட்டிக் கையேடாகிவிடும். பேதுரு சதுக்கத்தை அணைத்து நிற்கும் பெர்னீனியின் 284 தூண்களை எண்ண முயன்று தோற்றோம். இரவில் அவ்வழியே திரும்பியபோது, அதே தூண்களின் அடியில் அட்டைகளை விரித்து வீடற்றோர் உறங்கக் கண்டோம். அவர்கள் குளிப்பதற்கென்று அங்கேயே 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் குளியலறைகள் திறந்து வைத்தார் என்ற செய்தி நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பதோடு சரி, நடையைத் தளர்த்தவில்லை.

பிரெஞ்சு மக்களின் புனித லூயி ஆலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியம் இருக்கிறது. 1600ஆம் ஆண்டோடு முடித்த ஓவியம். இருண்ட சிறு பீடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். பெட்டியில் ஒரு காசு போட்டால் சற்று நேரம் விளக்கு எரியும். நாம் ஒரு யூரோ போட்டோம். உடனே பின்னால் இருபது பேர் கூடிவிட்டார்கள். நம் காசில் ஊரே பார்க்கிறதே என்று ஒரு சிறுமை எண்ணம் எழுந்ததை ஒப்புக்கொள்கிறோம்! வலப்புறத்திலிருந்து இயேசு கை நீட்டுகிறார். சுங்கச் சாவடியில் அமர்ந்தவர்களில் சிலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மேசையின் கோடியில் ஓர் இளைஞன் நிமிரவே இல்லை. காசுகளின்மேல் கவிழ்ந்திருக்கிறான். அவனை நெடுநேரம் பார்க்க விரும்பினோம், விளக்கு அணைந்துவிட்டது.

நான்காம் நாள் கொலோசியம். கி.பி. 80இல் தீத்து பேரரசன் திறந்துவைத்த அந்த அரங்கம், மனிதர் மனிதரைப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டது. ஐம்பதாயிரம் பேர் அமர்ந்து, கீழே ஒருவன் குத்துண்டு சாவதைக் காணலாம். அங்கே கல்லில் அமர்ந்து ரொட்டியைக் கடித்தபோது, குருமடத்தில் படித்த ஒரு கதை மேலெழுந்தது. புனித அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியு சட்டம் படிக்கத் தனியே உரோமைக்கு வந்தார். வாட்போர்க் கேளிக்கைகளை வெறுத்தவர். உடன் பயின்றோர் ஒருநாள் வலிந்து அரங்கத்திற்கு இழுத்துப் போனார்கள். என் உடலை இழுக்கலாம், கண்ணை இழுக்க முடியாது என்று அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால் காதை மூட மறந்தார். ஒரு வீரன் வீழ்ந்தபோது கூட்டம் எழுப்பிய பேரிரைச்சலில் கண் திறந்துகொண்டது. பிறகு மூடவில்லை. அடுத்த நாள்களில் பிறரை இழுத்து வருபவராகவும் ஆனார் என்று அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் ஆறாம் பகுதியில் எழுதுகிறார். நாம் அலிப்பியுவை எண்ணி இரங்கினோம். நம்மைப் பற்றி எண்ணவில்லை.

கொலோசியத்தின் அருகே மோந்தி என்றொரு பழைய பகுதி. 'மலைகள்' என்பது அப்பெயரின் பொருள். அங்குள்ள மரியன்னை ஆலயம் மலைகளின் அன்னை ஆலயம். மலையடிவாரத்துக்காரர் அதைக் காணாமல் திரும்பலாமா? மேலும் அங்கேதான் புனித பெனடிக்ட் ஜோசப் லாபர் அடங்கியிருக்கிறார். 1748இல் பிரான்சில் பிறந்தவர். துறவற இல்லங்கள் அவரை ஏற்காமல் திருப்பி அனுப்பின. பிறகு அவர் ஐரோப்பாவின் திருத்தலங்களுக்கெல்லாம் கால்நடையாகவே திரிந்த ஒற்றைப் பயணி, பிச்சைக்காரர். இறுதி ஆண்டுகளில் கொலோசியத்தின் இடிபாடுகளில் உறங்கினார். 1783ஆம் ஆண்டுப் புனித வாரத்தில் இந்த ஆலயத்தின் படிகளில் சுருண்டு விழுந்தார், அருகில் ஒரு வீட்டிற்குத் தூக்கிச் சென்றார்கள், அன்றே இறந்தார். வயது 35. திருச்சபை 1881இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இங்கிலாந்துச் செல்வக் குமாரர்கள் கல்விப் பயணமாக உரோமைக்கு வந்து இடிபாடுகளை வரைந்துகொண்டு போன காலம் அது. அவர்கள் கண்ட கொலோசியத்தில்தான் இவர் படுத்திருந்தார்.

ஆலயப் படியில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். தலையில் பூப்போட்ட துணி, மடியில் காகிதக் கோப்பை. மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்து, முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் கரவாஜ்ஜோ தீட்டியது போலத் துலங்கியது. உரோமையின் ஏழை! நாம் இரண்டடி பின்வாங்கி, கைப்பேசியை எடுத்து, படம் பிடித்தோம். ஒன்று போதாது என்று இரண்டாவது பிடித்தபோது அவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை, எழவில்லை. வலக்கையை விரித்து முகத்திற்கு நேரே வைத்துக்கொண்டார். கை இறங்கவில்லை. நமக்கு ஏதோ செய்ய வேண்டும் போலிருந்தது. சட்டைப் பையில் அகப்பட்ட ஒரு யூரோவைக் கோப்பையில் போட்டோம். கைக்குப் பின்னாலிருந்து அவர் ஏதோ சொன்னார். அந்த மொழி நமக்குத் தெரியாது. நன்றியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

உள்ளே லாபரின் கல்லறைமேல் பளிங்கில் அவர் சாய்ந்து கிடக்கிறார். கந்தலும் பளிங்கு, கைத்தடியும் பளிங்கு. அதன் முன் முழந்தாளிட்டு, ஏழைகள்மேல் அன்பு வேண்டும் என்று செபித்தோம். கண்ணீரும் வந்தது. வெளியே வந்தபோது படியில் எவரும் இல்லை.

ஊர் திரும்பியபின் பங்குத் திருவிழாவில் உரோமைப் படங்களைத் திரையிட்டுக் காட்டினோம். பேராலயக் கோபுரத்தைவிட, கையால் முகம் மறைத்த மூதாட்டியின் படத்துக்கே மக்களிடம் பெரும் வரவேற்பு. திருவிழா மலரிலும் அதை அச்சிட்டார்கள். 'ஏழ்மையின் மானம்' என்று தலைப்பும் நாமே கொடுத்தோம். படத்தில் இருப்பது என்ன என்று அப்போதுகூட நமக்கு உறைக்கவில்லை. அந்த விரிந்த கை நம்மை நோக்கிச் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல் அது. அதையே அழகான காட்சியென்று அச்சேற்றினோம்.

இதில் என்ன பெரிய பாவம் என்று வாசகர் கேட்கலாம். நம் மனமும் பலமுறை கேட்டது. பார்த்தால் என்ன குறைந்துவிடும்? கோயில் கோபுரத்தை ஆயிரம் பேர் பார்த்தாலும் அது தேய்வதில்லையே! படைப்பின் அழகைப் பார்ப்பது படைத்தவருக்குச் செய்யும் நன்றி என்று நாமே எத்தனை முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அந்த மறையுரையை இன்றும் திரும்பப் பெறமாட்டோம். ஊரைவிட்டு நகராதவர்தாம் புண்ணியவான் என்றால் உலகம் குறுகிப்போகும்.

ஆனால் நம் பாட்டிமார் இதற்கு வேறு விடை வைத்திருந்தார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். பிள்ளையின் கன்னத்தில் மை வைப்பதையும் வாசலில் பூசணிக்காய் தொங்கவிடுவதையும் மூடநம்பிக்கை என்று நாம் இளமையில் எள்ளி நகையாடியதுண்டு. மையும் பூசணியும் எதையும் தடுக்கா என்பதில் இன்றும் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் அடியில் ஓர் உண்மை இருந்திருக்கிறது. பார்வை ஒரு செயல். கோபுரத்திற்கு அது வலிக்காது, மனிதருக்கு வலிக்கும்.

அக்குவினா தோமையார் இதை நுணுக்கமாகப் பிரிக்கிறார். அறிய முயலும் ஆர்வம் ஒரு நற்பண்பு. அதன் நிழலாக நிற்கும் வீண் ஆவல் தீமை. பிறருடைய வாழ்வை நாம் நோக்குவது, நாம் திருந்துவதற்கோ அவருக்கு உதவுவதற்கோ என்றால் போற்றத்தக்கது. இகழ்வதற்கோ, பயனின்றித் தொல்லை தருவதற்கோ என்றால் தகாது என்பது அவர் தீர்ப்பு. குருமடத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் உரோமையில் நமக்கு நேர்ந்தது இந்தப் பிரிவினைக்குள் முழுமையாக அடங்குவதாகத் தோன்றவில்லை. நாம் அந்த அம்மையாரை இகழவில்லை; உள்ளபடியே இரக்கப்பட்டோம். தவறு நோக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. நாம் நின்ற இடத்தில் இருந்தது. அவர் நம்மைப் பார்க்கக் கூடாது, நாம் மட்டும் அவரைப் பார்க்க வேண்டும் என்ற அந்த இடத்தில்.

காணப்படாமல் காண்பது இறைவனுக்கு உரியது. நாம் ஐந்து நாள் சுவைத்த இன்பம் மனிதருக்கு உரியதன்று என்றே இப்போது எண்ணுகிறோம். இறைவனோ அந்த உரிமையைத் தம்மிடம் இறுக்கி வைத்துக்கொள்ளவில்லை. மனுவுருவானார் என்ற நம் விசுவாசத்தின் பொருள், அவர் பார்க்கப்படுபவரானார் என்பதும்தான். தீவனத் தொட்டியில் இடையர்கள் பார்த்தார்கள். சிலுவையில் வழிப்போக்கரெல்லாம் நின்று பார்த்தார்கள். நாம் எந்த விழாவுக்காக உரோமைக்குப் போனோமோ அந்தத் தேவசகாயமும் பார்க்கப்பட்டவரே. அவரை எருமையின்மேல் பின்புறம் திருப்பி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்று காட்டினார்கள் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1752இல் காற்றாடிமலையில் குண்டுகள் பாய்வதற்கு முன் அவர் தாங்கியது ஊராரின் கண்களை. அவருடைய புனிதர் பட்டத்தைக் கண்டுகளித்த மூன்றாம் நாள் முதல், நாம் தெருவில் நின்று பிறரைக் காட்சியாக்கிக்கொண்டிருந்தோம்!

நற்செய்தியிலும் ஒரு வேடிக்கை பார்ப்பவர் உண்டு. எரிக்கோவில் சக்கேயு அத்திமரத்தில் ஏறியது இயேசு யார் என்று பார்ப்பதற்கு. இலைகளுக்குள் அமர்ந்தால் தாம் பார்க்கலாம், தம்மை எவரும் பாரார் என்று கருதியிருப்பார். இயேசு அண்ணாந்து பார்த்தார். பெயர் சொல்லி அழைத்தார். உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். பார்க்க வந்தவர் பார்க்கப்பட்டார். சற்று நேரத்தில் இலை போட்டுப் பரிமாறும் நிலைக்கு ஆளாகிவிட்டார். உரோமைப் படியில் அந்த அம்மையார் ஏறிட்டுப் பார்த்தபோது நமக்கும் இறங்கிவர ஓர் அழைப்பு இருந்தது. நாம் ஒரு காசைப் போட்டு மரத்திலேயே இருந்துவிட்டோம். ஓவியத்திற்குப் போட்ட அதே ஒரு யூரோ.

தனியே ஊர் சுற்றுபவரெல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. நம் தமிழ் மண்ணிலேயே ஏ. கே. செட்டியார் இருந்தார். 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர், கேமராவே தொழில். 1937இல் டப்ளினை நோக்கிப் போகும் கப்பலில், மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காக ஒரு லட்சம் மைல் அலைந்தார் என்பர். அப்பயணத்தில் அவர் செய்த வேலை பெரும்பாலும் கேட்பதுதான். காந்தியை முன்பு படம் பிடித்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் கதவைத் தட்டி, பிறர் கண்டதைக் கேட்டுப் பெற்றார். படம் 1940இல் வெளிவந்தது. அவருடைய 'உலகம் சுற்றும் தமிழன்' நூலும் அதே ஆண்டுதான். அதில் மாளிகைகளைவிட, வழியில் பேசிய மனிதர்களே நம் நினைவில் நிற்கிறார்கள். தெரியாத ஊரில் கதவைத் தட்டுகிறவர் மறைந்திருக்க முடியாது. 'நீ யார்?' என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். கூச்சம் மிகுந்தவருக்கு இது பெரும்பாடு. நமக்கு உரோமையில் அந்தப் பாடு தேவைப்படவில்லை. வழி கேட்பதைக்கூடக் கைப்பேசி செய்துவிட்டது.

இனிப் பச்சைமலைக்கு வருவோம். நம் மலை அண்மை ஆண்டுகளில் சுற்றுலாத் தலமாகியிருக்கிறது. சனி ஞாயிறுகளில் திருச்சியிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. சோபனபுரம் தாண்டி மலைப்பாதையில் ஏறி டாப் செங்காட்டுப்பட்டி வரை போய், காற்று வாங்கி, அருவி பார்த்து, பொழுதடைவதற்குள் இறங்கிவிடுவார்கள். மலையில் வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று மயங்கவேண்டாம், மலையை ஆள்பவர் என்பது பொருள், மொழி தமிழ்தான். காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறப்புகளில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் போனதாக அவர்கள் மரபுக்கதை. கடைக்குட்டியின் மலை நம்முடையது. மரவள்ளியும் முந்திரியும் பலாவும் அவர்கள் பிழைப்பு. வருகிறவர்களால் நாலு பலாப்பழம் கூடுதலாக விற்கிறது; அதை நாம் மறுக்கவில்லை. வரவேண்டாம் என்று சொல்லும் தகுதியும் நமக்கில்லை.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, மேலே நோயுற்றிருந்த பழைய ஆசிரியர் ஒருவரைக் காணப் போய்க்கொண்டிருந்தோம். வளைவு ஒன்றில் கார் நின்றிருந்தது. மூன்று நான்கு இளைஞர்கள். படித்த, நல்ல பிள்ளைகள் என்று முகமே சொன்னது. எதிரே மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தலையில் சுமந்து ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். ஒரு கை மூட்டையைப் பிடித்திருந்தது. பிள்ளைகள் கைப்பேசிகளை உயர்த்தினார்கள். அந்த அம்மா மறு கையை விரித்து முகத்திற்கு நேரே வைத்துக்கொண்டார்.

அதே கை. நாம் வண்டியை நிறுத்திவிட்டோம். பிள்ளைகளைக் கண்டிக்க வாய் வரவில்லை. திருவிழா மலரின் பக்கம் கண்முன் நின்றது. அதற்குள் கார் கிளம்பிப் போய்விட்டது. மூட்டையை இறக்க உதவலாம் என்று கிட்டே போனோம். அன்று அங்கி அணிந்திருக்கவில்லை. அந்த அம்மா நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் படம் புடிக்க வந்தவங்களா?"

"இல்லம்மா."

"போன மாசம் ஒருத்தர் புடிச்சாரு. படத்தை அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனாரு. வரல." மூட்டையைச் சாலையோரத் திண்டில் சாய்த்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் பேரையே கேக்கல. எந்தப் பேருக்கு அனுப்புவாரு?"

நாம் அவர் பெயரைக் கேட்டோம். சொன்னார். பிறகு நம்மிடம், "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.